வயிற்றின் மேல் தீ: தாய்லாந்து சூட்டு வைத்தியத்தில் மூலிகைக்கு என்ன வேலை?

ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். வயிற்றின் மேல் ஈரத்துணி, துணியின் மேல் நீல நிறத்தில் தீ. படுத்திருப்பவர் முகத்தில் பயமே இல்லை, கண்ணை மூடிக் கிடக்கிறார். தாய்லாந்தில் எடுக்கப்பட்ட இந்த மாதிரி வீடியோக்கள் நம் கைபேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. கூடவே சில விளக்கங்களும் வருகின்றன: உடம்பின் நச்சு எரிந்து போகிறது, தொப்பை கரைகிறது, மூலிகைச் சாறு கர்ப்பப்பைக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறது.

இந்த மூன்றுமே சரியில்லை. அதற்காக இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவதும் சரியில்லை. இதற்குப் பின்னால் ஒரு பழைய மருத்துவ மரபு இருக்கிறது. உடம்பில் உண்மையாக நடக்கும் மாற்றங்களும் இருக்கின்றன. குழப்பம் எங்கே வருகிறது என்றால், மூலிகைதான் மருந்து, தீ அதை உள்ளே தள்ளும் கருவி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வேலை செய்வது சூடு. அந்தச் சூட்டைத் தாங்கி, ஈரமாக்கி, தோல் அதை உணரும் விதத்தை மாற்றுவது மூலிகை. இது புரிந்துவிட்டால் இந்த வைத்தியம் யாருக்கு இதம், யாருக்கு ஆபத்து என்பது தானாகவே விளங்கும்.

முதலில், செய்முறை

தாய்லாந்து மொழியில் இதன் பெயர் 'பாவ் யா'. வயிற்றில் மட்டுமில்லை, முழங்காலிலும் முதுகிலும் கூடச் செய்வார்கள். வயிற்றில் செய்வதுதான் அதிகம் பேசப்படுகிறது.

முதலில் வயிற்றின் மேல் ஒரு துணியை விரிக்கிறார்கள். இன்னொரு துணியை நனைத்து முறுக்கி, தொப்புளைச் சுற்றி வரப்பு மாதிரி வளைத்து வைக்கிறார்கள். அந்த வரப்புக்குள் இடித்த பச்சை மூலிகைகளைத் தடிமனாகப் பரப்புகிறார்கள். அதில் உப்பும் கற்பூரமும் கலந்திருக்கும். மேலே தண்ணீரில் நனைத்த துணி. அந்தத் துணியில் எத்தனால், அதாவது சாதாரண ஆல்கஹால், கொஞ்சம் தெளித்துப் பற்றவைக்கிறார்கள்.

படுத்திருப்பவர் "சூடு வருகிறது" என்று சொன்னதும் இன்னொரு ஈரத்துணியைப் போட்டு மூடித் தீயை அணைத்துவிடுகிறார்கள். சூடு மெல்ல கீழே இறங்குகிறது. அது தணிந்த பிறகு திரும்பவும் தெளித்து, பற்றவைத்து, அணைக்கிறார்கள். இப்படிச் சில சுற்றுகள்.

பார்க்கிறவர் கண் தீயிலேயே நிற்கும். ஆனால் தீ எரிவது கொஞ்ச நேரம்தான். பெரும்பாலான நேரம் ஈரமான, சூடேறிய ஒரு மூலிகைப் படுக்கை வயிற்றில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

தீ ஏன் தோலைச் சுடவில்லை?

சோறு வடிக்கிற பானையை நினைத்துப் பாருங்கள். அடியில் அடுப்பு எவ்வளவு எரிந்தாலும், பானையில் தண்ணீர் இருக்கிறவரை சோறு அடிபிடிக்காது. தண்ணீர் வற்றிய சில நிமிடங்களில் அடி கருகிவிடும். தீ அதேதான், மாறியது தண்ணீர்.

ஈரத்துணியும் ஈர மூலிகையும் செய்வது இந்த வேலையைத்தான். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 290 ஜூல் சக்தி போதும். 100 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் வேண்டும். அதாவது ஆவியாவதற்கே எட்டு மடங்கு போய்விடுகிறது. இப்படி ஆவியாவதற்காகத் தண்ணீர் விழுங்கும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். தீயின் சூட்டில் பெரும் பங்கு காற்றோடு மேலே போய்விடுகிறது. கீழே வருவதில் ஒரு பங்கைத் தண்ணீர் விழுங்குகிறது. மிச்சம்தான் மூலிகை வழியாக மெதுவாகத் தோலை எட்டுகிறது.

தோலின் வழக்கமான வெப்பநிலை 32 முதல் 34 டிகிரி. 40 டிகிரியை ஒட்டி வந்தால் சுகமான சூடு. 43 டிகிரிக்கு மேல் வலி ஆரம்பிக்கிறது. 44 டிகிரியே பல மணி நேரம் நீடித்தால் தோல் வெந்துவிடும். 60 டிகிரியாக இருந்தால் சில நொடிகள் போதும். ஆக, சுகத்துக்கும் புண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது ஈரமும், அருகில் நிற்பவரின் கவனமும்தான். துணியின் ஓரம் காய்ந்து போனாலோ, மூலிகை ஓரிடத்தில் மெலிதாக இருந்தாலோ, ஆல்கஹால் வரப்பைத் தாண்டி விலாப்பக்கம் வழிந்தாலோ அடிபிடிப்பது உங்கள் தோல்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொன்னால்: தீ மேலே எரிகிறது, தண்ணீர் அதன் வேகத்தைக் குறைக்கிறது, மூலிகைப் படுக்கை சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது.

அந்தப் படுக்கையில் என்னென்ன இருக்கிறது

எழுதி வைத்த ஒரே செய்முறை என்று இல்லை. வடக்கே ஒரு மாதிரி, தெற்கே ஒரு மாதிரி. வைத்தியர் வீட்டுக் கொல்லையில் என்ன விளைகிறதோ அதையும் பொறுத்தது. ஆனாலும் சில பெயர்கள் ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் வரும். அதில் பாதி நம் சமையலறையில் இருப்பவைதான்.

முதலில் சொல்ல வேண்டியது 'பிளை'. நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத கிழங்கு இது. இஞ்சிக் குடும்பம், வெட்டினால் உள்ளே மஞ்சள் நிறம். தாய்லாந்தில் சுளுக்கு, தசைவலி, மூட்டுவலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இதன் எண்ணெயில் சபினீன், டெர்பினன்-4-ஆல் போன்ற வாசனைப் பொருள்கள் இருக்கின்றன. இதன் சாரங்களுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. பிளை எண்ணெயில் செய்த களிம்பு அந்நாட்டு அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று: களிம்பில் இருப்பது செறிவான எண்ணெய். வயிற்றில் வைப்பது இடித்த பச்சைக் கிழங்கு. இரண்டுக்கும் ஒரே பலன் என்று கணக்குப் போடக் கூடாது.

அடுத்தது மஞ்சள். மஞ்சளின் புகழ் முழுவதும் குர்குமின் என்ற நிறப்பொருளுக்குப் போய்விட்டது. அது தண்ணீரில் கரையாது, ஆவியாகாது, தோலைத் தாண்டி உள்ளே போவதும் மிகக் குறைவு. தோலில் மஞ்சள் கறை படிவதைப் பார்த்து "மருந்து இறங்கிவிட்டது" என்று சொல்வார்கள். கறை தோலின் மேல் அடுக்கில்தான் இருக்கிறது. சூடேறும்போது மணம் தருவது மஞ்சளில் இருக்கும் வேறு எண்ணெய்கள்.

இஞ்சியும் பேரரத்தையும் சேர்ந்தே வரும். தாய்லாந்துச் சமையலில் பேரரத்தை இல்லாமல் பல சூப்புகளே இல்லை. இதன் எண்ணெயில் இருக்கும் சினியோல், யூகலிப்டஸ் தைலத்தில் முக்கியமாக இருக்கும் அதே பொருள். தைலம் தேய்த்தால் வரும் குளுகுளு உணர்வை நினைத்துப் பார்த்தால் இது எங்கே வேலை செய்கிறது என்பது புரியும்.

எலுமிச்சைப் புல் மணத்துக்கு. அதில் இருப்பது சிட்ரால். மக்ரூட் எலுமிச்சை என்ற கரடுமுரடான தோல் கொண்ட பழத்தின் தோலையும் சேர்ப்பார்கள், சிலர் இலையையும் போடுவார்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தப் பழத்தின் தோலில் உள்ள சில பொருள்கள் மேலே பட்ட பிறகு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் சிவந்து கொப்பளிக்கும். சிகிச்சை முடிந்ததும் வயிற்றைத் துடைக்காமல் நேரே கடற்கரைக்குப் போவது நல்லதில்லை.

மூலிகைகளை மூட்டை கட்டி ஆவியில் சூடாக்கி ஒற்றும் 'லூக் பிரகோப்' என்ற ஒத்தடம் இதற்கு உறவுக்கார வைத்தியம். அந்த மூட்டையில் புளிய இலையும், நாம் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்ச் செடியின் இலையும் சேரும். காயை நாம் எடுத்துக்கொண்டோம், புளிப்பான இலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கற்பூரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். இந்தப் பட்டியலில் தோலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கக்கூடியது என்று தெளிவாகத் தெரிந்தவற்றில் அதுவும் ஒன்று. திடப்பொருளாக இருந்துகொண்டே ஆவியாகும், சூட்டில் இன்னும் வேகமாக ஆகும். கொஞ்சமாகத் தோலில் பட்டால் இதம். வயிற்றுக்குள் போனால் விஷம். குழந்தைகள் கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். பூஜைக்கு விற்கும் கற்பூரக் கட்டி விளக்குக்கு உரியது. அது பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. அதை இடித்துத் தோலில் வைக்க வேண்டாம்.

கடைசியில் உப்பு. "உப்பு மருந்தை உள்ளே இழுத்துச் செல்லும்" என்று தாய்லாந்தில் சொல்லித் தருவதுண்டு. கண்ணுக்குத் தெரியும் அதன் வேலை இன்னொன்று. இடித்த கிழங்கோடு உப்பைச் சேர்த்தால் கிழங்குக்குள் இருக்கும் நீர் வெளியே வரும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈரம்தான் படுக்கை காய்ந்து போகாமல் காக்கிறது. உப்பை அடக்கமான ஒரு பாதுகாப்புச் சாமான் என்றுதான் நான் பார்க்கிறேன்.

தோலைத் தாண்டுவது எது, தாண்டாதது எது

தோலின் வெளி அடுக்கை மேல்தோல் கவசம் என்று வைத்துக்கொள்வோம். செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த மிக மெல்லிய படலம். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனாலும் வாசல்காவலில் அது கெட்டி. சிறிய மூலக்கூறாக இருக்க வேண்டும், கொழுப்பில் கரைய வேண்டும், அப்போதுதான் ஓரளவு விடும். கற்பூரம், மென்தால், சில வாசனை எண்ணெய்கள் இந்தத் தேர்வில் ஓரளவு தேறும். நார், மாவுச்சத்து, சாற்றில் இருக்கும் பெரிய மூலக்கூறுகள் எதுவும் தேறாது. சூடும் ஈரமும் கவசத்தைக் கொஞ்சம் தளர்த்தும், அதனால் தேறுபவை சற்று அதிகமாகப் போகும். தேறாதவை சூடு வைத்தாலும் தேறாது.

சரி, தாண்டிய கொஞ்சம் எங்கே போகிறது? பலரும் தவறவிடும் இடம் இது. தோலுக்குக் கீழே நேராக இறங்கி, கொழுப்பைக் கடந்து, தசையைக் கடந்து, கர்ப்பப்பைக்கோ குடலுக்கோ போவதில்லை. தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. சூட்டில் அவை விரிந்து ரத்த ஓட்டம் கூடியிருக்கும் நேரம் அது. வந்ததில் பெரும் பங்கை அந்த ரத்தம் அள்ளிக்கொண்டு உடம்பு முழுக்கப் பரப்பிவிடும். தொப்புளுக்கு மேல் வைத்த மூலிகையிலிருந்து கர்ப்பப்பைக்குப் போவதும் காதுமடலுக்குப் போவதும் ஒரே வழியில்தான். தொப்புளுக்குள் எண்ணெய் விட்டால் 72,000 நரம்புகளுக்குப் போகும் என்று சொல்லப்படுவதும் இதே காரணத்தால் நிற்காது. பிறந்தபின் தொப்புள் ஒரு தழும்பு. உள்ளே போகும் குழாய் அங்கே திறந்திருப்பதில்லை.

சூட்டின் கதையும் அப்படியே. கொழுப்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது, ரத்தம் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. அதனால் மேலே வைத்த சூட்டில் தோலுக்கு அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே வெப்பநிலை பெரிதாக ஏறுவதில்லை. தொப்பை கரையும் என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. சிகிச்சைக்குப் பிறகு இடுப்பளவு கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தால், காற்றுப் பிரிந்ததோ வேர்வையோ காரணமாக இருக்கலாம்.

சுருக்கமாக: மூலிகையின் மிகச் சிறிய பகுதிதான் தோலைத் தாண்டுகிறது, அதுவும் பெரும்பாலும் ரத்தத்தோடு போய்விடுகிறது. சூடும் ஆழமாகப் போவதில்லை.

அப்படியானால் வலி எப்படிக் குறைகிறது?

விடை நரம்புகளில் இருக்கிறது. எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் அழகானது.

தோலில் இருக்கும் நரம்பு நுனிகளில் வெப்ப உணரிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட வெப்பநிலையில் திறந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நுண்ணிய வாசல்கள் என்று சொல்லலாம். டிஆர்பிவி1 என்ற உணரி 43 டிகிரியை ஒட்டித் திறக்கும். மிளகாயின் காரப் பொருளும் அதே உணரியைத் திறக்கும், அதனால்தான் மிளகாய் 'எரிகிறது'. இதை 1997இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். குளிர் உணரி பற்றியும் தொடு உணரி பற்றியும் ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்ந்து 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

இப்போது மூலிகைப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். இஞ்சியின் காரப் பொருள் டிஆர்பிவி1ஐத் தூண்டும். கற்பூரம் அதையும், மிதமான சூட்டை உணரும் டிஆர்பிவி3 என்ற இன்னொரு உணரியையும் தூண்டும். மென்தால் சேர்த்திருந்தால் அது குளிர் உணரியைத் தூண்டும், சினியோலும் ஓரளவு அதையே செய்யும். தோலின் வெப்பநிலை 40 டிகிரிதான் என்றாலும், உணர்வில் அதைவிட ஆழமான, பரவுகிற ஒரு சூடு கிடைக்கிறது. கற்பூரம் இன்னொன்றும் செய்கிறது: தூண்டிய உணரியையே சற்று நேரத்தில் மந்தமாக்குகிறது. தோலின் உணர்வை மாற்றுவது மூலிகை என்று ஆரம்பத்தில் நான் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். பட்டியலில் காரமும் மணமும் உள்ளவையே நிறைந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நரம்பு உணரிகளைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில், தோலில் வைத்துப் பார்த்துப் பார்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு படி. வயிற்றுத் தோலின் நரம்புகளும் குடல், கர்ப்பப்பை போன்ற உள்ளுறுப்புகளின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடங்களில் போய்ச் சேர்கின்றன. குடல்வால் வீங்கும்போது முதலில் தொப்புளைச் சுற்றி வலிப்பது இதனால்தான். வலிக்கும் உறுப்பு ஓரிடம், வலி தெரிவது வேறிடம். இந்தச் சேர்க்கை எதிர்த்திசையிலும் உதவுகிறது. தோலிலிருந்து சூடு, தொடுதல் போன்ற இதமான செய்திகள் நிறைய வந்தால், அதே இடத்துக்கு வரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும். இதை 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வலிவாசல் கோட்பாடு என்று முன்வைத்தார்கள். விவரங்களில் பிறகு திருத்தங்கள் வந்தன, அடிப்படை நின்றது.

சூடு மட்டுமே வலியைக் குறைக்குமா? மாதவிடாய் வலிக்கு இதைச் சோதித்திருக்கிறார்கள். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 39 டிகிரியில் பல மணி நேரம் சூடு தரும் பட்டையை அடிவயிற்றில் ஒட்டிய பெண்களுக்கு, ஐபுப்ரோஃபென் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நிகரான நிவாரணம் கிடைத்தது. அந்தப் பட்டையில் மூலிகை எதுவும் இல்லை, தீயும் இல்லை. பாவ் யா செய்துகொண்டு மாதவிடாய் வலி தணிந்தது என்று ஒருவர் சொன்னால் நான் நம்புவேன். மூலிகை கர்ப்பப்பையைக் கழுவியது என்றால் நம்ப மாட்டேன்.

கூடவே, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதும், நல்ல மணமும், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதும் இருக்கின்றன. பதற்றம் குறைந்தால் குடல் தளரும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

தாய்லாந்து மருத்துவம் சொல்வது வேறு

நச்சு நீக்கம், கொழுப்புக் கரைப்பு என்பதெல்லாம் விளம்பரத்தின் பாஷை. மரபு பேசுவது இன்னொன்றை.

தாய்லாந்து மரபு மருத்துவம் உடம்பை நான்கு பூதங்களாகப் பார்க்கிறது: மண், நீர், காற்று, தீ. பௌத்தத்தோடு பாலி மொழி வழியாக வந்த கணக்கு இது. மண்ணின் கூறுகள் 20, நீருக்கு 12, காற்றுக்கு 6, தீக்கு 4, மொத்தம் 42. தீயின் நான்கில் ஒன்று உணவைச் செரிக்க வைப்பது. காற்றின் ஆறில் இரண்டு வயிற்றில் இருக்கின்றன: ஒன்று குடலுக்கு வெளியே, ஒன்று குடலுக்கு உள்ளே. செரிமானத் தீ மந்தமானால் காற்று தேங்கும், வயிறு உப்பும், கை கால் குளிரும் என்பது அவர்கள் கணிப்பு. காரமும் சூடும் உள்ள மூலிகைகள் தேங்கிய காற்றை நகர்த்தும் என்பார்கள். வயிற்றில் தீ வைப்பதன் நோக்கம் அதுதான்: உள்ளே இருக்கும் தீயை எழுப்பி, காற்றை நகர்த்துவது.

இதை அப்படியே உடற்கூறியல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வயிறு உப்புசம், செரியாமை, மாதவிடாய் வலி, குளிர்ந்த கை கால் என்று அவர்கள் இதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால், சூடு இதம் தரக்கூடிய தொல்லைகளாகவே பெரும்பாலும் இருக்கின்றன. புற்றுநோயையோ கர்ப்பப்பைக் கட்டியையோ மலட்டுத்தன்மையையோ தீர்க்கும் என்று இன்று யாராவது சொன்னால், அதற்கு இந்தச் சூட்டிலோ மூலிகையிலோ ஆதாரம் இல்லை.

இந்த மரபைத் தாய்லாந்து அக்கறையோடு காப்பாற்றி வருகிறது. பாங்காக்கின் வாட் போ கோயிலில் மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மருத்துவக் குறிப்புகளைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கட்டும் என்ற எண்ணம். அந்தக் கோயில் கல்வெட்டுகள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. சுகாதார அமைச்சகத்தின் கீழ் மரபு மருத்துவத்துக்கென்றே 2002 முதல் தனித்துறை இயங்குகிறது. பல அரசு மருத்துவமனைகளில் மரபு மருத்துவப் பிரிவு உண்டு.

பிரசவத்துக்குப் பிறகு: உப்புப் பானை

வயிற்றுச் சூட்டு வைத்தியம் என்றால் தாய்லாந்து அம்மாக்களுக்கு நினைவு வருவது தீ வைப்பதைவிட உப்புப் பானைதான். குழந்தை பெற்ற பெண் நெருப்புக்கு அருகே படுத்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் 'யூ ஃபை' என்ற பழைய வழக்கத்தோடு சேர்ந்தது இது. தென்கிழக்கு ஆசியா முழுக்க இதற்கு உறவுகள் உண்டு. மலேசியாவில் கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி ஒற்றும் 'துங்கு' அப்படி ஒன்று.

சின்ன மண்பானையில் கல்லுப்பை நிரப்பி, உப்பு படபடவென்று வெடிக்கும்வரை சூடாக்குவார்கள். படிகங்களுக்குள் மாட்டியிருக்கும் நீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வரும் சத்தம் அது. பிளை, மஞ்சள், கற்பூரம் எல்லாம் இடித்துத் துணியில் பரப்பி, அதன் மேல் பானையை வைத்துச் சுற்றிக் கட்டி, வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றி எடுப்பார்கள். இங்கே உப்பு சூட்டைச் சேமிக்கிறது, மூலிகை நடுவில் இருந்து அதை மென்மையாக்குகிறது. வேலைப் பங்கீடு பாவ் யாவில் பார்த்த அதேதான்.

இது கர்ப்பப்பையைச் சுருக்கும் என்பது நம்பிக்கை. பிரசவம் முடிந்ததும் ஒரு கிலோ அளவில் இருக்கும் கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. பானை வைத்தாலும் வைக்காவிட்டாலும் இது நடக்கும். தாய்ப்பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் இதற்குத் துணை. பானை தருவது இடுப்புவலிக்கு இதமும், ஒரு மணி நேரம் அம்மாவை மட்டுமே கவனிக்கும் இரண்டு கைகளும். பச்சைக் குழந்தைக்காரிக்கு அது எவ்வளவு பெரியது என்று பெற்றவர்களுக்குத் தெரியும். சிசேரியன் ஆனவர்கள் தையல் முழுவதும் ஆறி, மருத்துவர் சம்மதித்த பிறகே இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

யார் செய்துகொள்ளக் கூடாது

கர்ப்பிணிகள், காய்ச்சல் இருப்பவர்கள், வயிற்றில் புண்ணோ ஆறாத தையலோ இருப்பவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சாப்பிட்ட உடனேயும் கூடாது.

நீரிழிவு நோயாளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்பின் உணர்வு மந்தமாகியிருக்கும். இந்தச் சிகிச்சையில் 'போதும்' என்று சொல்ல வேண்டியவர் படுத்திருப்பவர். அவருக்கே சூடு தெரியவில்லை என்றால் நிறுத்த ஆளில்லை. தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்திருப்பவருக்கும் இதே கதிதான்.

என்ன காரணம் என்று தெரியாத திடீர் வயிற்றுவலிக்கு எந்தச் சூடும் வைக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி குடல்வாலாக இருக்கலாம். சூட்டில் வலி சற்று மறைந்தால் மருத்துவமனைக்குப் போகத் தாமதமாகும், அந்தத் தாமதம் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் தீ வைத்து முயற்சி செய்யவே வேண்டாம். எரிகிற துணியில் பாட்டிலிலிருந்து ஆல்கஹால் ஊற்றினால் தீ பாட்டிலுக்கே தாவும். கடையில் எத்தனால் என்று நினைத்து மெத்தனால் வாங்கிவிட்டால் அதன் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, ஆவியும் விஷம். இதமான சூடு வேண்டும் என்றால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். மணம் வேண்டுமானால் இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் தட்டி, துணியில் கட்டி, ஆவி காட்டி, முதலில் உங்கள் முன்கையில் ஒற்றிப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒற்றலாம்.

தாய்லாந்து போய்ச் செய்துகொள்கிறவர்கள் உரிமம் பெற்ற மரபு மருத்துவரா என்று கேளுங்கள். பக்கத்தில் இன்னொரு ஈரத்துணி தயாராக இருக்கிறதா, ஆல்கஹால் பாட்டில் தீயிலிருந்து தள்ளி இருக்கிறதா, அவர் தீ எரியும்போது அறையை விட்டுப் போகாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். சுட்டால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். தோல் சிவந்து எரிந்தால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மாவு எதையும் மேலே பூச வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.